பிளஸ் 2 முடிச்சதும் டெல்லி நாடகப் பள்ளியில் சேர முடியுமா?

முடியாது. இங்கதான் பலரும் ஏமாந்து போறாங்க. 1959-ல் தொடங்கப்பட்ட தேசிய நாடகப் பள்ளியின் 3 ஆண்டு டிப்ளமோவில் சேர ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். அதோடு, குறைந்தது 6 நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும், இந்தி, ஆங்கிலத்தில் பழக்கமும் கேட்கிறார்கள்.

அந்த 6 நாடகத்துக்கு எங்கே போவது? பட்டப்படிப்பு காலம்தான் வாய்ப்பு. அதனால் எந்தப் பாடம் என்பதைவிட, அந்தக் கல்லூரியில் நாடகக் குழு இருக்கா, வருஷத்துக்கு எத்தனை நாடகம் போடுறாங்கன்னு விசாரிப்பதே முக்கியம். ஆண்டு விழா ஸ்கிட்டை மட்டும் நம்பினா கதை ஆகாது! நோட்டீஸ், போட்டோ, சான்றிதழ் எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வைக்கணும்.

இந்திதான் தயக்கம் என்றால், புதுச்சேரி பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியைப் பார்க்கலாம். இங்கு நாடகத்தில் 2 ஆண்டு முதுகலை இருக்கிறது. சேர்க்கை கியூட் நுழைவுத்தேர்வு வழியாக. முதுகலை கையில் இருந்தால், நெட் தேர்வு எழுதி பேராசிரியர் வேலைக்கும் முயற்சிக்கலாம்.