நாம் என்றோ நாங்கள் என்றோ சொல்லாத வரி

திருவனந்தபுரத்தில் டிசம்பர் மாதத்தின் எட்டு நாள்களுக்கு நகரத்தின் ஒரு பகுதி மட்டும் வேறு கடிகாரத்தில் இயங்குகிறது. காலையில் விழித்ததும் மறுநாள் படங்களுக்கான இருக்கைகளைக் கைப்பேசியில் பிடித்தாக வேண்டும். ஒன்பது மணியளவில் வழுதக்காட்டின் தாகூர் அரங்கில் முதற்படம். அது முடிந்து வெயிலில் இறங்கி, ஒரு கட்டன் சாயாவை நின்றபடியே குடித்துவிட்டு, தம்பானூரில் இருக்கும் கைரளி, ஸ்ரீ, நிளா அரங்குகளுக்கு ஓட வேண்டும். மதியச் சோற்றின் இடத்தைப் பெரும்பாலும் பழம்பொரி நிரப்பிவிடும். பிற்பகலில் மீண்டும் வழுதக்காட்டுக்கு வந்து கலாபவன். இரவு கனகக்குன்றின் நிசாகந்தி திறந்தவெளி அரங்கு. கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்ட ஒருவர் ஒரே நாளில் நான்கு படங்களோ ஐந்து படங்களோ பார்த்துவிடுகிறார். இருக்கை கிடைக்காதவர் படிக்கட்டில் அமர்கிறார். அதை அவர் குறையாகக் கருதுவதில்லை. 1996-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய கேரள சர்வதேசத் திரைப்பட விழாவைப் பற்றி எழுதுவோர் இந்தக் கூட்டத்தைத்தான் முதலில் வியக்கிறார்கள். வியக்கத் தக்கதுதான். ஆனால் அந்தக் கூட்டம் நாள் முழுவதும் எதைப் படிக்கிறது என்ற பேச்சு அரிதாகவே எழுகிறது.

'படிக்கிறது' என்ற சொல் பிழையன்று. ஒரே நாளில் செவிக்குப் பாரசீகம் வருகிறது, ஹங்கேரியம் வருகிறது, ஸ்பானியம் வருகிறது, கொரியம் வருகிறது. கண்ணுக்கு மட்டும் வருவது பெரும்பாலும் ஆங்கிலம். திரையின் அடியில் இரண்டு வரிகள். வரிக்கு ஏறத்தாழ நாற்பது எழுத்துகள். நீடித்தால் ஆறேழு நொடிகள். பேச்சு மிகுந்த படமொன்றில் இத்தகைய சப்டைட்டில்கள் ஆயிரத்தைத் தாண்டும். ஐந்து படங்கள் பார்த்து முடித்தவர் இரவு வீடு திரும்பும்போது ஒரு சிறிய ஆங்கில நாவலின் அளவுக்குப் படித்திருப்பார். உலக சினிமாவின் நாள் என்று அவர் குறித்துக்கொள்ளும் அந்த நாள், கணக்குப் பார்த்தால், ஆங்கில வாசிப்பின் நாளும் ஆகிறது.

இதனால் இழப்பு என்ன என்று கேட்கலாம். மொழிபெயர்ப்பில் நயம் போகும் என்ற பழைய புலம்பலுக்கு இங்கு இடமில்லை. நயம் போனாலும் கதை நிற்கும். கதையே போய்விடும் இடங்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. 2022-இல் நடந்த 27-ஆவது விழாவின் இரண்டு படங்களை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, அவ்வாண்டு சுவர்ண சகோரம் விருது பெற்ற பொலிவிய நாட்டுப் படம் 'உதாமா'. அலெஹாந்த்ரோ லோய்சா கிரிசி இயக்கியது. மழை பொய்த்த உயர்நிலப் பரப்பில் லாமாக்களை மேய்த்து வாழும் முதிய தம்பதியர். அவர்களை நகரத்துக்கு அழைத்துப்போக வந்து சேரும் பேரன். நடித்த முதியவர்கள் நிஜ வாழ்விலும் தம்பதியரே. அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வது கெச்சுவா. பேரன் ஸ்பானியத்தில் வளர்ந்தவன். அவனோடு பேசும்போது முதியவர்களும் ஸ்பானியத்துக்கு மாறுகிறார்கள். நிலம் வறண்டுபோவதைப் போலவே மொழியும் ஒரு தலைமுறையோடு நின்றுபோவதுதான் படம். ஒரே அறையில் மூவர் இருக்கையில் பேச்சு எந்த மொழியில் நிகழ்கிறது என்பதைக் கொண்டே யார் உள்ளே, யார் வெளியே என்பது தீர்மானமாகிறது. பொலிவியப் பார்வையாளருக்கு இதை எவரும் சொல்ல வேண்டியதில்லை. தம்பானூர் அரங்கில் அமர்ந்திருப்பவருக்கோ கெச்சுவாவும் தெரியாது, ஸ்பானியமும் தெரியாது. அவர் நம்பியிருப்பது அடியில் ஓடும் வரியை. கெச்சுவா பேசும்போதும் ஆங்கிலம், ஸ்பானியம் பேசும்போதும் அதே ஆங்கிலம் என்றால், தாத்தாவும் பேரனும் மொழித்தடை ஏதுமற்றுப் பேசிக்கொள்வதாகவே அவருக்குத் தோன்றும். கூர்ந்த காது ஒலிவேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளலாம்தான். ஆயினும் வரியைத் துரத்திக்கொண்டிருக்கும் மனத்துக்கு அந்த ஓய்வு கிடைப்பது கடினம்.

இன்னும் நுண்ணிய ஓர் இழப்பும் உண்டு. கெச்சுவாவில் தன்மைப் பன்மை இரண்டு: கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது 'ந்யுகஞ்ச்சிக்'; கேட்பவரை விலக்குவது 'ந்யுகய்க்கு'. தமிழ் மாணவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை, நாம், நாங்கள். மலையாளத்தில் நம்மள், ஞங்ஙள். ஆண்டிஸ் மலைமேட்டின் ஒரு கிழவர் செய்யும் வேறுபாட்டைத் திருவனந்தபுரத்துக் காய்கறிக் கடைக்காரரும் நாளுக்கு நூறு முறை செய்கிறார். இடையில் நிற்கும் ஆங்கிலத்தில் அது இல்லை; இரண்டுக்கும் ஒரே 'வீ'. இங்கிருந்து போகிறவர்கள் நாமா, நாங்களா என்பது அந்தப் படத்தின் உயிர்க்கேள்வி. மூலத்தில் இருப்பது, பார்வையாளரின் தாய்மொழியிலும் இருப்பது, நடுவிலுள்ள தரகு மொழியில் இல்லாத ஒரே காரணத்தால் அரங்குக்கு வந்து சேராமல் போகிறது. படத்தின் தலைப்பையே பார்க்கலாம். அது கெச்சுவாவும் அன்று, ஐமரா. 'உத்தா' என்றால் வீடு. 'மா' என்ற ஒட்டு முன்னிலை உடைமையைக் குறிக்கும். இலக்கணப்படி 'உன் வீடு'. ஆங்கிலத்தில் இதற்குத் தரப்படும் பொருள் 'அவர் ஹோம்'. அது நம் வீடா, எங்கள் வீடா? ஆங்கிலம் அதற்குப் பதில் சொல்லாது.

இரண்டாவது படத்துக்கு நேர்ந்தது நேரெதிர். லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' அதே விழாவில்தான் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. முன்பதிவு செய்தவர்களில் பலரே உள்ளே போக முடியாமல் வாயிலில் முழக்கமிட்டதும், காவல்துறை தலையிட்டதும் செய்தியாயின. பார்வையாளர் வாக்கெடுப்பில் வென்றதும் அதுவே. வேளாங்கண்ணியிலிருந்து ஊர் திரும்பும் மலையாள நாடகக் குழுவின் வண்டியிலிருந்து ஜேம்ஸ் என்பவர் பாதிவழியில் இறங்கி, ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து, இரண்டாண்டுகளுக்கு முன் காணாமற்போன சுந்தரமாக வாழத் தொடங்குகிறார். இறங்கும்வரை பேசியது மலையாளம். இறங்கி நடந்தபின் பேசுவது தமிழ். படத்தின் மாயம் வேறு எதிலும் இல்லை. ஒப்பனை மாறவில்லை, முகம் மாறவில்லை. மம்மூட்டியின் நாக்கு மாறுகிறது, அவ்வளவே. பின்னணியில் ஓயாது ஒலிக்கும் பழைய தமிழ்ப் படப் பாட்டும் வசனமும் கதைக்கு உரை எழுதியபடியே போகின்றன.

தாகூர் அரங்கின் பெரும்பான்மையோர் இதைச் செவியால் பார்த்தார்கள். ஆங்கில வரி அங்கே இருந்தாலும் பலர் அதைப் படித்திருக்க மாட்டார்கள். விழாவுக்கு வந்த வெளிநாட்டு விருந்தினருக்கோ அந்த வரியைத் தவிர வேறு துணையில்லை. ஒரு மனிதர் வண்டியை விட்டு இறங்கி அயலார் வீட்டில் புகுந்து உரிமையோடு பேசுகிறார் என்பது அவருக்கு விளங்கும். அயல்மொழியில் பேசுகிறார் என்பதை எவராவது சொன்னாலன்றி விளங்காது. 'உதாமா'வுக்கு முன் தம்பானூர்ப் பார்வையாளர் எங்கே நின்றாரோ, 'நண்பகல்' முன் விருந்தினர் அங்கே நிற்கிறார். ஒரே வேறுபாடு, விருந்தினர் படிப்பது அவர் பழகிய மொழியாக இருக்கக்கூடும்.

கூட்டத்தின் உள்ளேயே இருக்கும் பிளவு அங்கேதான் தெரிகிறது. இவ்விழாவின் பெருமைகளுள் ஒன்றாகச் சொல்லப்படுவது, அந்த வாரத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் படம் பார்க்க வரும் ஆட்டோ ஓட்டுநர்கள். கிம் கி-டுக் பெயரைச் சாயாக்கடையில் கேட்கலாம் என்பது கேரளத்தைப் பற்றிய நிலைத்த கதைகளுள் ஒன்று. கதை மெய்தான். ஆனால் ஆறு நொடிக்குள் இரண்டு ஆங்கில வரிகளைப் படித்து முடிப்பது, ஆங்கிலம் 'தெரியும்' என்று சொல்லும் எல்லாராலும் ஆகிற செயலன்று. பட்டமேற்படிப்பு மாணவர் பலருக்கே அது மூச்சுவாங்கும் வேலை. அரங்கில் கவனித்தால் புலப்படும்: நகைச்சுவை வரி தோன்றியதும் முன்வரிசையில் ஒரு சிரிப்பு, சற்றுப் பொறுத்து, முதற்சிரிப்பைக் கேட்டு எழும் இன்னொரு சிரிப்பு. அந்த இரண்டாவது சிரிப்பின் சொந்தக்காரர்கள் படத்தை ஓரளவு ஊகித்தே பார்க்கிறார்கள். ஊகிப்பதும் ஒருவகைப் பார்த்தல்தான் என்று ஆறுதல் சொல்லலாம். மாநில அரசின் பணத்தில், சலச்சித்திர அகாதெமி நடத்தும் விழாவில் அந்த ஆறுதல் போதாது.

திரைப்படத்தின் மொழி காட்சியே, சொல்லன்று என்ற வாதம் இவ்விடத்தில் தவறாமல் வரும். அதே 27-ஆவது விழாவில் வாழ்நாள் சாதனை விருது பெற்ற பேலா தாரின் படங்களைச் சான்றுக்கு அழைப்பார்கள். வரி தோன்றாமலே நிமிடங்கள் கடக்கும் அந்நீண்ட காட்சிகளில் கண்ணுக்கு விடுதலை கிடைப்பது உண்மை. ஆயினும் இவ்வாதத்தை முன்வைப்போர் ஏறக்குறைய எல்லாரும் ஆங்கில வரியைத் தடையின்றிப் படித்து முடித்தவர்கள். படித்து முடித்தவருக்குப் படிப்பு கண்ணில் படாது. ஈரானியப் படங்களை எடுத்துக்கொண்டால், தம்பதியர் சண்டையில் 'தோ' என்னும் நீ எப்போது 'ஷொமா' என்னும் நீங்கள் ஆகிறது என்பதைக் காட்சி சொல்லாது. 'யூ' சொல்லவே சொல்லாது. மலையாள வரியோ தமிழ் வரியோ இருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் தப்பிக்க நம் இலக்கணம் விடாது.

தொழில்நுட்பம் தடை என்பதும் முழுமையான மறுமொழி ஆகாது. கான் விழாவில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் வருகிறது. ஒன்று திரைக்குள், மற்றது திரைக்குக் கீழே தனி மின்பலகையில். படத்தின் மீது கைவைக்காமலே இரண்டாம் மொழியைச் சேர்க்கும் வழி நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ளது. கேரளத்தில் மொழிபெயர்ப்பாளருக்கும் பஞ்சமில்லை. 'எம்சோன்' என்ற தன்னார்வக் குழுவினர் 2012 முதல் ஊதியமின்றி அயல்மொழிப் படங்களுக்கு மலையாள சப்டைட்டில்கள் செய்துவருகிறார்கள். உண்மையான சிக்கல்கள் வேறு. விழாவுக்கான கோப்புகள் கடைசி நேரத்தில் வந்து சேரும். ஓரிரு காட்சிகளுக்காக 180-க்கும் மேற்பட்ட படங்களை மொழிபெயர்ப்பது நடவாத காரியம். திராவிட மொழிகளின் நீண்ட ஒட்டுச் சொற்கள் நாற்பது எழுத்துக்குள் அடங்க மறுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மொழிபெயர்ப்பாளர் கையில் கிடைப்பதும் பெரும்பாலும் ஆங்கில வசனப் பட்டியலாகவே இருக்கும். அதிலிருந்து செய்தால் தொலைந்த 'நாம்' மீளாது; 'வீ' எனக் கண்ட இடத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒன்றை ஊகித்து எழுதுவார், பாதி நேரம் தவறாகவும் எழுதுவார். கெச்சுவா அறிந்தவரைத் தேட வேண்டாம். ஸ்பானியமும் பாரசீகமும் கொரியமும் அறிந்தவர்களை இந்தியப் பல்கலைக்கழகங்களின் மொழித்துறைகள் ஆண்டுதோறும் பட்டமளித்து அனுப்புகின்றன. அவர்களுக்கும் இவ்விழாக்களுக்கும் இடையே ஒரு கடிதப் போக்குவரத்துகூட இருப்பதாகத் தெரியவில்லை.

எல்லாப் படங்களுக்கும் வேண்டாம். போட்டிப் பிரிவின் படங்கள் பத்துப் பதினைந்துக்குள்தான் அடங்கும்; அவற்றிலிருந்து தொடங்கலாம். அதற்கு முன்னரே, செலவே இல்லாமல் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பேசும் மொழி மாறும்போது வரியைச் சாய்வெழுத்தில் காட்டுவதோ, அடைப்புக்குறிக்குள் மொழியின் பெயரை இடுவதோ போதும். சில வெளியீடுகளில் இது நடக்கிறது. விழாக்கள் இதைத் தம் நுழைவு விதிகளில் ஒரு வரியாகக் கேட்கலாம். படத்தின் நீளத்தையும் ஒலியமைப்பையும் கேட்கும் அதே படிவத்தில். கோவாவுக்கும் கொல்கத்தாவுக்கும் சென்னைக்கும் அந்தப் படிவம் பொருந்தும்.

விழாக் கையேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் இயக்குநர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், நாடு, ஆண்டு, நிமிடங்கள் எல்லாம் அச்சாகின்றன. மொழிக்கும் ஓர் இடம் உண்டு. அடியில் ஓடிய ஆயிரம் வரிகளை எழுதியவர் பெயருக்கு அங்கே இடமில்லை. அவர் எந்த மொழியிலிருந்து பெயர்த்தார், மூலத்திலிருந்தா, வேறொரு மொழிபெயர்ப்பிலிருந்தா என்பதற்கும் இடமில்லை. இரவு பத்தரைக்கு நிசாகந்தியிலிருந்து இறங்கிவரும் மாணவர்கள் அன்றைய ஐந்து படங்களையும் ஐந்து நாடுகளின் பெயரால் அடையாளம் சொல்லி விவாதித்தபடி போகிறார்கள். கையேடு அவர்களுக்குத் தரும் அடையாளம் அதுதான்.