வியாழக்கிழமை மாலை

வீட்டு வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது இல்லை. கந்தோருக்குப் போகின்றவருக்கு ஓய்வுநாள் உண்டு. பாடசாலைக்குப் போகின்ற பிள்ளைக்கு விடுமுறை உண்டு. சிறு பிள்ளைகளைப் பெற்ற தாய்க்கு மாத்திரம் அடுப்பும் தொட்டிலும் ஒருநாளும் விடுமுறை அளிப்பதில்லை. இக்காலத்திலோ பல தாய்மார் கந்தோர் வேலையையும் முடித்துக்கொண்டு மாலையில் அடுக்களைக்குத் திரும்புகின்றனர். பகல் முழுவதும் உழைத்துக் களைத்தபின், உறங்கிப்போன பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "இன்றைக்கு இதனோடு ஒரு வார்த்தை ஆறுதலாகப் பேசினேனா? ஏசியதையன்றி வேறென்ன செய்தேன்?" என்று தம்மைத் தாமே நொந்துகொள்ளும் தாய்மார் நம்மிடையே பலர். அவர்களை முன்னிட்டே இவ்வாரம் எழுதத் துணிந்தோம்.

பிள்ளை வளர்ப்புக்கு நாள் முழுவதும் வேண்டும் என்றும், அத்தகைய நாள் தமக்கு வாய்க்கவில்லை என்றும் இவர்கள் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதற்கு இங்கிலாந்து தேசத்துத் தாய் ஒருவரின் வரலாறு நல்ல சான்றாகும்.

சுசன்னா வெஸ்லி என்பது அவ்வம்மையாரின் பெயர். 1669ஆம் ஆண்டு இலண்டன் நகரிற் பிறந்தவர். அவர் கணவர் சாமுவேல் வெஸ்லி, லிங்கன்ஷயர்ப் பகுதியில் எப்வர்த் என்னும் சிற்றூரின் தேவாலயக் குரு. அம்மையார் பெற்ற பிள்ளைகள் 19 பேர். அவர்களுள் 9 பேர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். குருவின் வருமானம் குடும்பத்துக்குப் போதவில்லை. 1705ஆம் ஆண்டு, கடனைத் தீர்க்க இயலாமையால், கணவர் லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1709ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஓரிரவு வீடு தீப்பற்றி எரிந்தது. மேல்மாடியில் அகப்பட்டுக்கொண்ட 5 வயதுச் சிறுவன் ஒருவனை, ஒருவர் தோள்மீது மற்றொருவர் ஏறி நின்று யன்னல் வழியாக மீட்டனர். பிற்காலத்தில் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடக்கிய யோன் வெஸ்லி அச்சிறுவனே.

இத்தனை இடருக்கும் நடுவே அம்மையார் தம் பிள்ளைகளுக்குத் தாமே ஆசிரியையாகவும் இருந்தார். 5 வயது நிறைந்ததும் பிள்ளைக்கு எழுத்துத் தொடக்குவார். காலை 9 மணி முதல் 12 மணி வரையும், பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரையும் பாடம் நடைபெறும். முதல் நாளிலேயே எழுத்துக்கள் யாவற்றையும் பிள்ளைகள் கற்றுவிட்டனர் என்றும், இருவருக்கு மாத்திரம் ஒன்றரை நாள் சென்றது என்றும் அம்மையாரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆங்கில எழுத்து இருபத்தாறுதான். நம்முடைய 247 எழுத்துக்களையும் ஒரே நாளில் ஊட்ட எந்தத் தாயும் முயலவேண்டாம்!

நிற்க. நாம் சொல்ல வந்தது அந்த ஆறு மணி நேரப் பாடத்தைப் பற்றியன்று. அதனினும் சிறியதொரு வழக்கத்தைப் பற்றியே. அவ்வழக்கம் தோன்றியதற்குத் தமிழ் வழங்கும் ஒரு கடற்கரையும் காரணமாயிற்று என்பது நம் வாசகர் பலருக்குப் புதுமையாக இருக்கலாம்.

1706ஆம் ஆண்டு, டென்மார்க்கு அரசர் அனுப்பிய சீகன்பால்க், புளூச்சோ என்னும் செர்மானியக் குருமார் இருவர் சோழமண்டலக் கரையிலுள்ள தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்க் திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு தாமும் ஒருவராய் அமர்ந்து, மணலில் எழுதித் தமிழ் பயின்றவர். இவர்களது பணியைப் பற்றிய செய்திகள் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன. அந்நூல் எப்வர்த்திலும் குருவின் படிப்பறையில் இருந்தது. மூத்த மகள் எமிலியா அதனை எடுத்துத் தாய்க்கு வாசித்துக் காட்டினாள்.

அம்மையாரின் உள்ளம் உருகிற்று. பல நாட்கள் வேறு நினைவே அவருக்கு இருக்கவில்லை. கடல் கடந்து செல்ல அவரால் இயலாது; அக்காலத்துப் பெண் ஒருத்திக்குப் பிரசங்க பீடமும் இல்லை. ஆயினும் தம் வீட்டிலேயே தம்மாலியன்றதொன்றைச் செய்யலாம் எனத் துணிந்தார். ஒவ்வோர் இரவும் தம்மால் ஒதுக்கக்கூடிய சிறிது நேரத்தை ஒரு பிள்ளைக்கெனத் தனியே ஒதுக்கினார். திங்கள் மேரிக்கு, செவ்வாய் மெகெற்றபெலுக்கு, புதன் ஆனுக்கு, வியாழன் யோனுக்கு, வெள்ளி மார்த்தாவுக்கு, சனி சாள்ஸுக்கு, ஞாயிறு எமிலியாவுக்கும் இளைய சுசன்னாவுக்கும். இவ்வாறு எட்டுப் பிள்ளைகள் ஏழு மாலைகளுள் அடங்கினர். 1712ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், இலண்டன் சென்றிருந்த கணவருக்கு எழுதிய கடிதத்தில் அம்மையார் இவ்வேற்பாட்டை விவரித்துள்ளார். அப்போது யோனுக்கு வயது 8; சாள்ஸுக்கு 4.

இருபது ஆண்டுகள் கழிந்தன. யோன் ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்தார். 1732ஆம் ஆண்டு தாய்க்கு எழுதிய கடிதமொன்றில், முன்பு வியாழக்கிழமை மாலைகளில் தமக்கு அளித்த அச்சிறு நேரத்தை, இப்போது தமக்காக வேறு வகையில் அளிக்க இயலுமா என்று வேண்டிக்கொண்டார். அன்று தம் அறிவை உருவாக்கிய அந்நேரம் இன்று தம் உள்ளத்தைத் திருத்த உதவும் என்பது அவரது நம்பிக்கை.

தாய்மாரே, இதனைச் சற்றே சிந்தியுங்கள். நாள்தோறும் ஆறு மணி நேரம் அத்தாயிடம் பாடம் கேட்டவர் அவர். வளர்ந்தபின் அவர் விரும்பிக் கேட்டது அந்த ஆறு மணி நேரத்தையன்று, வியாழக்கிழமை மாலையையே. எத்தனை நாழிகை அம்மாவின் அருகில் இருந்தோம் என்று பிள்ளை கணக்கு வைப்பதில்லை. "இது எனக்கென்றே அம்மா ஒதுக்கிய நேரம்" என்பதையே அது நெஞ்சிற் பதித்துக்கொள்கிறது.

யோன் வெஸ்லியின் வழிவந்த மிஷனரிமார் 1814ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தனர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் வேம்படி மகளிர் உயர்தரப் பாடசாலையும் அவர்களது முயற்சியிலிருந்து வளர்ந்தவையே. ஆறுமுக நாவலர் ஆங்கிலம் கற்றதும், பின்னர் ஆசிரியராக இருந்ததும் அம்மிஷன் பாடசாலையிலேதான். தரங்கம்பாடியிலிருந்து எப்வர்த்துக்குப் போன செய்தி ஒரு நூற்றாண்டின் பின் வேறு வடிவில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது எனலாம்.

ஒன்றை மறைக்காமற் கூறவேண்டும். சுசன்னா அம்மையார் மிகக் கண்டிப்பானவர். ஒரு வயது நிறைந்த காலத்திலேயே பிள்ளை பிரம்புக்கு அஞ்சவும், அழுதாலும் ஓசையின்றி அழவும் பழக்கினார். அது அக்காலத்து வழக்கம். அதனை நாம் கைக்கொள்ள வேண்டியதில்லை. அவரது மாலை நேரத்தை எடுத்துக்கொள்வோம். பிரம்பை எப்வர்த்திலேயே விட்டுவிடுவோம்.

இனி, நம் வீடுகளில் இதனை எவ்வாறு செய்வது? வாரத்தில் ஒரு நாள், ஒரு பிள்ளைக்குக் கால் மணி நேரம் போதும். கைத்தொலைபேசியை வேறோர் அறையில் வைத்துவிடுங்கள். தாய் கற்பிக்க வேண்டியதில்லை. பிள்ளையோடு சேர்ந்து ஏதேனும் ஒன்றைச் செய்தாற் போதும். கடையில் எதுவும் வாங்கவும் வேண்டியதில்லை. சில வழிகளைக் கூறுகின்றோம்.

சுளகில் ஒரு பிடி பயறும் ஒரு பிடி உளுந்தும் ஒரு பிடி கடலையும் கலந்து கொடுத்து, வெவ்வேறாகப் பிரிக்கச் சொல்லுங்கள். விரலுக்கும் கண்ணுக்கும் இது நல்ல பயிற்சி, எண்ணவும் பழகும். ஆனால் 3 வயதுக்குட்பட்ட குழந்தையின் கையில் இவற்றைக் கொடுக்கலாகாது. வாயிலும் மூக்கிலும் இட்டுக்கொள்ளும்.

ஒரு தட்டில் மெல்லிய மணலைப் பரப்பி எழுதவிடுங்கள். சீகன்பால்க் பாதிரியார் தமிழ் கற்ற வழியும் இதுவே. பிழையாக எழுதினால் ஒருமுறை கையால் தடவிவிட்டாற் போதும். அழிறப்பர் வேண்டாம், ஏச்சும் வேண்டாம்.

தென்னோலையிற் காற்றாடி செய்யலாம். ஈர்க்கையும் குரும்பட்டியையும் கொண்டு தேர் கட்டலாம். பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதலாம். இவற்றை அறிந்த பாட்டன் பாட்டியர் இருக்கும் வீடு பாக்கியம் செய்த வீடு. அவர்களைக் கேட்டால் மறுப்பார்களா? இரண்டு சிரட்டைகளும் ஒரு சட்டித் தண்ணீரும் இருந்தால், சிறு குழந்தை அரை மணி நேரம் ஊற்றி விளையாடும். ஆயினும் பெரியவர் ஒருவரின் கண் அதன்மேல் இருக்கவேண்டும். கிணற்றடியில் இவ்விளையாட்டு வேண்டாம்.

களிமண் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரியமானது. சைவ வீடுகளிற் பிள்ளையார் செய்யலாம். கிறிஸ்தவ வீடுகளில் நத்தார்ப் பண்டிகைக்குப் பாலன் குடிலையும், அதனுள் வைக்க ஆடுமாடுகளையும் பிள்ளைகளின் கையாலேயே செய்விக்கலாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தாலும், ஆட்டுக்கு மூன்று கால்களே இருந்தாலும், அதனைக் குடிலிலிருந்து அகற்றிவிடாதீர்கள். அதனைச் செய்தவன் தினமும் வந்து பார்ப்பான்.

இவற்றுக்கும் நேரமில்லை என்பவர், செய்கின்ற வேலையிலேயே பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளலாம். உலர்ந்த துணிகளிற் சோடி சேர்ப்பதும், வெங்காயத்தின் தோலுரிப்பதும், கறிவேப்பிலை உருவுவதும் நமக்கு வேலை. 4 வயதுப் பிள்ளைக்கு அவை திருவிழா.

இவ்வளவும் கேட்டபின், "எனக்கு எழுந்து நிற்கவே பலமில்லையே" என்று கூறும் தாயும் இருப்பார். அவருக்குக் கிறிஸ்தவ வேதத்திலிருந்து ஒரு சம்பவத்தை நினைவூட்டுவோம். நாம் அச்சமயத்தைச் சார்ந்தோம் அல்லோம். எனினும் அதன் உண்மை எவருக்கும் பொது. எலியா என்னும் தீர்க்கதரிசி பகைவருக்கு அஞ்சி வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு செடியின் கீழ் விழுந்து, இனி உயிரோடிருக்க வேண்டாம் என்று இறைவனை மன்றாடினார். தேவதூதன் வந்தான். வந்தவன் உபதேசம் செய்யவில்லை, கண்டிக்கவுமில்லை. நெருப்பிற் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், மீண்டும் உறங்கவிட்டான், பின்னரும் எழுப்பி ஊட்டினான். அதன் பிறகே பயணமும் கட்டளையும். களைத்துப்போனவருக்கு முதலில் வேண்டியது உணவும் உறக்கமும் என்பதை அவ்வேதம் அறிந்திருக்கிறது. இயேசுநாதரும் பாரம் சுமப்போரைத் தம்மிடம் அழைத்தபோது அவர்களுக்கு வாக்களித்தது இளைப்பாறுதலையேயன்றி இன்னுமொரு வேலையையன்று. புயலடித்த வேளையிற் படகில் உறங்கியவரும் அவரே. ஆகவே, பகலிற் பிள்ளை உறங்கும்போது தாயும் சற்றே கண்ணயர்ந்தால் அது சோம்பலன்று, பாவமுமன்று.

அந்த அப்பத்தையும் தண்ணீரையும் கொண்டுவர வேண்டியவர் யார்? கணவன்மாரே, அத்தொண்டு உங்களுடையது. வாரத்தில் ஒரு மாலை அடுக்களையை நீங்கள் ஏற்றுக்கொண்டால், மனைவிக்கு அந்தக் கால் மணி நேரம் கிடைக்கும். இப்பகுதியை வாசிக்கும் மாணவ மாணவியருக்கும் பங்குண்டு. வெஸ்லி வீட்டில் மாலை 5 மணிக்கு, மூத்த பிள்ளை பேசத் தெரிந்த கடைசிப் பிள்ளையையும், இரண்டாவது பிள்ளை அதற்கடுத்த பிள்ளையையும் அழைத்து அமர்ந்து வாசித்துக் காட்டுவது முறையாக இருந்தது. தம்பி தங்கையருக்கு ஒரு கதை வாசித்துக் காட்டினால் உங்கள் பரீட்சைக்குக் குறைவு வராது.

இன்னொன்று. உறக்கம் பிடியாமலும், காரணமின்றிக் கண்ணீர் பெருகியும், பிள்ளையைத் தூக்கவும் மனமில்லாமலும் சில வாரங்கள் தொடர்ந்தால், அது வெறுங் களைப்பன்று. மகப்பேற்றின் பின் பல பெண்களுக்கு நேரக்கூடிய நோய். அதற்கு வைத்தியம் உண்டு. குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ கூச்சமின்றிக் கூறுங்கள். பிரார்த்தனை செய்கின்றவர் மருந்தும் உண்ணலாம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சுவரிலுள்ள கலண்டரை எடுத்து, எந்தப் பிள்ளைக்கு எந்த நாள் என்று பிள்ளைகளையும் வைத்துக்கொண்டே குறித்துவிடுங்கள். நீங்கள் மறந்தாலும், அந்நாள் வந்ததும் உரியவர் வந்து உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுப்பார்.