உழைத்த வாகனத்துக்கு விடை

கமக்காரர் வீட்டில் உழவு மாடு ஒன்று கிழடு தட்டிவிட்டால், அதை என்ன செய்வது என்ற பேச்சு இலகுவில் எழுவதில்லை. எழுந்தாலும் தாழ்ந்த குரலிலேயே பேசப்படும். ‘இத்தனை போகம் உழைத்துத் தந்த வாயில்லாச் சீவன், பட்டியிலேயே கிடக்கட்டும்’ என்பார் தகப்பன். ‘வைக்கோலுக்கும் தண்ணீருக்கும் யார் பொறுப்பு?’ என்று கேட்பான் மகன். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு.

எமது நிலையத்தின் பழைய பிக்கப் வாகனத்தைப் பற்றி இப்போது ஊருக்கு ஊர் நடைபெறும் பேச்சும் இத்தகையதே. இயந்திரம் இன்னும் இயங்குகிறது. ஆனால் அடிச்சட்டம் துருவேறி உக்கிவிட்டது. ‘ஒட்டித் திருத்தினால் இன்னும் சில காலம் ஓடும்’ என்கின்றனர் சிலர். ‘நல்ல விலை வரும்போதே விற்றுவிடுங்கள்’ என்கின்றனர் வேறு சிலர். ‘நிலையத்தின் வாசலில் நினைவுச் சின்னமாக நிறுத்தி வையுங்கள்’ என்று அன்போடு சொன்னவர்களும் உளர். அதன் பின்பெட்டியில் ஒருமுறையேனும் ஏறாத குடும்பம் எமது வாசகர்களுள் மிகக் குறைவு. ஆகையால் இவ்விடயத்தில் எமது கருத்தை உங்கள் முன்னிலையில் வைப்பது கடமையென எண்ணுகிறோம்.

பழைய வாகனமும் எம் மக்களும்

பழைய வாகனங்கள் மீது எம்மவர் கொண்டுள்ள பற்று வெறும் பழக்கத்தால் வந்ததன்று. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் வடக்கின் பெரும் பகுதிக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, பின் மண்ணெண்ணெயில் புகை கக்கியபடி ஓடியதை எமது மூத்தோர் நன்கு அறிவர். அவர்களுடைய இளமைக் காலத்தில் வந்த அந்தக் கார்களே நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் நோயாளரையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் சுமந்தன. புதிய வாகனமும் உதிரிப்பாகமும் வராத இடத்தில் பழைய வாகனமே மருத்துவ வண்டி. அதுவே சவ வண்டி. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக் கணக்கில் இடம்பெயர்ந்தபோது, பெரும்பாலானோருக்குக் கால்களும் சைக்கிளுமே துணை. அந்த இரவில் நடந்தவர்களுக்கு ஒரு வாகனத்தின் அருமையை எவரும் விளக்கத் தேவையில்லை.

எமது பிக்கப் வந்தது அதன் பின்னர்தான். 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை ஏற்பட்டு ஏ9 வீதி திறக்கப்பட்டது. மறு ஆண்டு இந்த வாகனம் கைமாறி எமது நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. 1992இல் உருவான ரொயோட்டா ஹைலக்ஸ். வரும்போதே பதினொரு வயது. 2.4 லீற்றர் டீசல் இயந்திரம். கணினி எதுவும் கிடையாது. டீசலை அளந்து செலுத்தும் பம்ப் கூடப் பொறிமுறையால் இயங்குவது. பற்றறி இறங்கிப் போனால் பத்துப் பேர் பின்னால் நின்று தள்ள உயிர்பெற்றுவிடும். ஊர்க் கராஜ் ஒன்றில், மரநிழலில், சாவிகளும் சுத்தியலும் கொண்டு திருத்தக் கூடிய வாகனம்.

2004 டிசெம்பர் 26இல் கடல் பொங்கியபோது சமைத்த உணவுடன் முல்லைத்தீவுக் கரைக்குச் சென்றது. 2006 ஓகஸ்ட் மாதத்தில் ஏ9 வீதி மூடப்பட்டபோது வவுனியாப் பக்கமே நின்றுவிட்டதால் தப்பியது. 2009இல் ஏறத்தாழ 2 இலட்சத்து 80 ஆயிரம் மக்கள் முகாம்களில் அடைபட்டபோது, செட்டிகுளத்துச் செம்மண் பாதைகளில் பாயும் பால்மாவும் சட்டி பானையும் சுமந்தது. 2012 செப்ரெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்படும்வரை அந்த ஓட்டம் ஓயவில்லை. அதன் பின்னர் மீள்குடியேற்றம்: கூரைத் தகரம், விதைநெல், ஆட்டுக்குட்டி, கோழிக்குஞ்சு, கிணறு இறைக்கும் பம்ப். ஊர் திரும்பியவர்கள் முற்றத்தில் முளைத்த பற்றையை வெட்டிக் கொண்டிருக்க, இந்த வாகனம் அவர்களுக்குக் கதவு நிலைகளை ஏற்றி வந்தது. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்நிலக் கிராமங்களுக்கு உலருணவு கொண்டு சென்றது. 2022இல் நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது அதுவும் எம்மோடு வரிசையில் நின்றது.

ஓட்டப் பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்தோம். 4 இலட்சத்து 60 ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் வருகிறது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். அக்கணக்கில் பார்த்தால் அந்த வீதியை 1,400 தடவைக்கு மேல் கடந்ததற்குச் சமம்.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

‘நல்ல இரும்பு, அதுதான் இவ்வளவு காலம் ஓடியது’ என்று பலர் சொல்லக் கேட்கிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி எமது சாரதியின் கையில் இருந்தது. காலையில் தேநீருக்கு முன் எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்ப்பார். றேடியேற்றரில் தண்ணீர் பார்ப்பார். டீசல் வடியில் தங்கிய நீரை மாரிகாலத்தில் வாரந்தோறும் இறக்கி விடுவார். 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றப்பட்டது. 1 இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை ரைமிங் பெல்ற், அறுகிறதா என்று காத்திராமல், மாற்றப்பட்டது. ஓடும்போது அந்தப் பெல்ற் அறுந்தால் வால்வுகள் பிஸ்ரனில் மோதி இயந்திரமே சிதையும். வெள்ளத்தைக் கடந்து வந்த மறுநாள் பின் அச்சின் எண்ணெயில் நீர் கலந்துள்ளதா என்று பார்க்காமல் வாகனத்தை எடுக்க அவர் சம்மதித்ததில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்? எம் கிராமங்களில் மரத்தடிகளில் துருப்பிடித்துக் கிடக்கும் லான்ட்மாஸ்ரர்களையும் நீரிறைக்கும் இயந்திரங்களையும் காணும்போது வேதனை ஏற்படுகிறது. அவற்றுட் பல பொதுவாகக் கொடுக்கப்பட்டவை. எல்லாருக்கும் சொந்தம் என்றபடியால் எண்ணெய் பார்க்க ஒருவரும் இல்லாமற் போயிற்று. பொறுப்பாக ஒருவர், எழுதுவதற்கு ஒரு கொப்பி, குறித்த நாளில் ஒரு பராமரிப்பு: இம்மூன்றும் இருந்த இடத்தில் பழைய இயந்திரமும் உழைத்தது. இல்லாத இடத்தில் புதியதும் படுத்துவிட்டது.

ஏன் இப்போது?

அடிச்சட்டம் வாகனத்தின் முதுகெலும்பு. வில்தகடுகளும், இயந்திரமும், பின்பெட்டியும் அதிலேயே தங்கியுள்ளன. கரையோரப் பாதையின் உப்புக் காற்றும், வெள்ளச் சேறும், மீன்பெட்டிகளிலிருந்து வடிந்த உப்புநீரும் அதை உள்ளிருந்தே தின்றுவிட்டன. மேலே தகடு வைத்து ஒட்டலாம். ஆனால் ஒட்டப்பட்ட தகட்டுக்கு அருகே உள்ள இரும்பும் உக்கியதாயின், பாரம் ஏறியதும் அந்த விளிம்பிலேயே முறியும். பின்னால் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வாகனத்தில் இதற்கு இடங்கொடுக்க முடியாது. பாசம் பிறேக் ஆகாது.

அப்படியானால் விற்றுவிடலாமே என்பது அடுத்த கேள்வி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் மீண்டும் பரவலாக அனுமதிக்கப்பட்டது. அதுவும் பெரும் வரியுடன். ஆகவே பழைய வாகனங்களுக்கு வியப்பூட்டும் விலை கேட்கிறார்கள். எம்மிடமும் வந்து கேட்டார்கள். வாங்குபவர் கீழே கறுப்பு மை பூசி, மேலே புது வர்ணம் அடித்து, தூர இடத்துக் கமக்காரர் ஒருவருக்கு விற்பார். அந்தக் கமக்காரரும் எம்மவரே. உக்கல் எங்கே இருக்கிறது என்று அறிந்த நாம் அதை மறைத்துப் பணம் பெறுவது நேர்மையன்று.

நினைவுச் சின்னமாக நிறுத்துவதையும் நாம் விரும்பவில்லை. 2009இல் முள்ளிவாய்க்காலை நோக்கி ஒதுங்கிய மக்கள் தமது உழவு இயந்திரங்களையும் மோட்டார் சைக்கிள்களையும் வழியெங்கும் விட்டுச் செல்ல நேர்ந்தது. பின்னர் குவியல் குவியலாகத் துருவேறிக் கிடந்த இரும்புக்குள் தமது வாகனத்தின் இலக்கத்தைத் தேடியவர்கள் எம் மத்தியில் உளர். அவர்கள் நாள்தோறும் கடந்து போகும் வாசலில் இன்னுமொரு துருப்பிடித்த வாகனத்தை நாம் ஏன் நிறுத்த வேண்டும்?

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். எம் மக்களின் வாழ்வில் நேர்ந்த பிரிவுகள் பெரும்பாலும் சொல்லாமற் கொள்ளாமல் வந்தவை. அடுப்பில் உலையிருக்க, மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கதவைச் சாத்தியும் சாத்தாமலும் புறப்பட்டோம். வீட்டுக்கு விடை சொல்லவில்லை, கிணற்றுக்குச் சொல்லவில்லை, கட்டிலிற் கிடந்த முதியவர்கள் சிலருக்கும் சொல்ல முடியவில்லை. 1990இல் விட்டு வந்த காணியை இன்னும் மிதிக்காத குடும்பங்கள் வலிகாமம் வடக்கில் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு, ஒன்றை நாமே நாள் குறித்து, கணக்குப் பார்த்து, நன்றி சொல்லி அனுப்பும் வாய்ப்பு அரிதாகவே கிடைக்கிறது. இந்த வாய்ப்பை வீணாக்காமல், ஒழுங்காகச் செய்வோம் என்கிறோம்.

எமது யோசனை

முதலாவது, வாகனத்தின் பதிவை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முறைப்படி நீக்கி, அதைக் கழற்றிப் பிரிப்போம். இயந்திரம் எமது இளைஞர்களின் திருத்துநர் பயிற்சிக்கு. ஓடிக் கொண்டிருக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிப் பழகுவதைவிடச் சிறந்த பாடம் இல்லை. பின் அச்சும் சில்லுகளும் லான்ட்மாஸ்ரருக்கு ஒரு இழுவைப் பெட்டி செய்ய உதவும். பழைய காரின் அச்சில் மாட்டு வண்டி ஓட்டிய எமது கொல்லர்களுக்கு இது புதிதல்ல. எஞ்சிய இரும்பு எல்லார் முன்னிலையிலும் நிறுக்கப்பட்டு, வரும் பணம் கூட்டத்தில் அறிவிக்கப்படட்டும்.

இரண்டாவது, நிலையத்துக்கெனப் புதிய டபிள் கப் கேட்டு எவருக்கும் விண்ணப்பம் எழுத நாம் விரும்பவில்லை. கமக்காரருக்குத் தேவை மரக்கறியும் நெல்லும் ஏற்றும் ஒரு சிறிய பட்டா வாகனம். அது கமக்காரர் சங்கத்தின் பெயரிலேயே பதிவாக வேண்டும். நிலையத்தின் பெயரில் அல்ல. நிலையம் முதற்பணத்தில் ஒரு பங்கைத் தரலாம். மீதியைச் சங்கம் பங்குகளாகவும் கடனாகவும் திரட்ட வேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். சந்தைக்குப் போய்வர 6,000 ரூபா செலவு என்று வைத்துக் கொள்வோம். ஒரு குடும்பம் தனியே ஐந்து மூடை கத்தரிக்காய் ஏற்றினால், ஒரு மூடைக்கு 1,200 ரூபா விழும். அதனாலேயே வயல் வரம்பில் வந்து நிற்கும் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்து விடுகிறோம். பத்துக் குடும்பம் ஐம்பது மூடை ஏற்றினால், ஒரு மூடைக்கு 120 ரூபா. வியாபாரியோடு விலை பேசும் தைரியம் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது, ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 10 ரூபா தனியே வங்கியில் இட வேண்டும். மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடினால் 15,000 ரூபா. ஆண்டுக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம். பத்து ஆண்டில், வட்டியை விட்டுப் பார்த்தாலும், 18 இலட்சம். அந்த வாகனமும் ஒருநாள் உக்கும். அன்று யாரிடமும் கையேந்தாதிருக்க இதுவே வழி.

எதிர்ப்புகளும் பதிலும்

‘பழைய வாகனத்துக்கு நாங்கள் காசு கொடுக்கவில்லையே’ என்று சிலர் கேட்கலாம். அதன் டீசலுக்கு எப்போதும் யாரோ காசு கொடுத்துக் கொண்டுதான் இருந்தார்கள். தூர தேசங்களில் இருந்து வந்த உதவி அது. போர் முடிந்த சில ஆண்டுகளில் உதவி நிறுவனங்கள் பல தமது பலகைகளைக் கழற்றிச் சென்றதை நாம் எல்லோரும் கண்டோம். பிறருடைய காசில் ஓடும் வாகனம் பிறர் நினைக்கும்போது நின்றுவிடும்.

‘சங்கம் என்றால் சண்டை’ என்பார் வேறு சிலர். சண்டை வரும், ஒத்துக் கொள்கிறோம். ஆகையால் சட்டங்களை வாகனம் வருமுன் எழுதுங்கள். நோயாளருக்கு முதலிடம். ஏனையோருக்கு முறை வைத்துத் தவணை. தலைவருக்கும் செயலாளருக்கும் மற்றவருக்கு உள்ள அதே கட்டணம். ஓட்டப் பதிவேடு வாசிகசாலையில் எவரும் பார்க்கக் கூடியதாகத் தொங்க வேண்டும். காணி இல்லாதவர்களும் இடம்பெயர்ந்து உறவினர் வளவில் குடியிருப்போரும் பங்கு வாங்க முடியாதவர்களாயின், அவர்கள் ஏற்றுமதி இறக்குமதியில் செய்யும் உடலுழைப்பே பங்காகக் கணிக்கப்படட்டும். அவர்களை வெளியே விட்டுவிட்டு அமைக்கும் சங்கம் எமக்கு வேண்டாம்.

காலபோக அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்ததும், ஒரு மாலைப் பொழுதில் நிலைய வளவில் கூடுவோம். அந்த வாகனத்தில் வைத்தியசாலைக்குப் போகும் வழியில் பிறந்த பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள்; அவர்களும் வரட்டும். சாரதியை முன்வரிசையில் இருத்துவோம். தள்ளியவர்கள், திருத்தியவர்கள், டீசல் கடன் கொடுத்தவர்கள் யாவரையும் நன்றியோடு நினைவுகூர்வோம். அதன் பின், அதே கூட்டத்தில், பங்குப் பட்டியலைத் திறப்போம். எழுதத் தெரிந்த பிள்ளைகள் ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு வந்தால் நல்லது.