பழைய வீட்டை இடிக்கலாமா?

பழநியிலிருந்து கொடைக்கானலுக்கு மலைப்பாதையில் ஏறினால், வழியில் வடகவுஞ்சி வரும். அதற்கும் மேலே, கொடைக்கானலில், அமெரிக்கர்கள் கட்டிய பழைய வீடுகள் உண்டு.

மதுரையில் இருந்த அமெரிக்கப் பாதிரிமார்களைக் காய்ச்சலும் காலராவும் வாட்டின. பலர் மாண்டனர். மற்றவர்கள் உயிர் பிழைக்க மலை ஏறினார்கள். 1845-ம் ஆண்டில் இரண்டு வீடுகள் கட்டினார்கள். ஒன்றின் பெயர் சன்னிசைடு. மற்றொன்று ஷெல்டன். கொடைக்கானல் நகரம் இப்படித்தான் பிறந்தது. அதன் பிறகு பல பங்களாக்கள் எழுந்தன.

கனமான கல் சுவர். மழைநீர் வழிந்து ஓடச் சாய்வான கூரை. குளிர் காயக் கணப்பு. வெளிச்சம் வரக் கண்ணாடி ஜன்னல். எல்லாம் மலைக்கு ஏற்றவை.

நம்மவர் உழைப்பு

"வெள்ளைக்காரர் வீடு நமக்கு எதற்கு? இடித்துவிட்டு விடுதி கட்டினால் காசு வருமே!" என்று சிலர் கேட்கலாம்.

கல் உடைத்தவர் யார்? சுவர் எழுப்பியவர் யார்? மோட்டார் பாதை வருமுன், துரைமார்களை டோலியில் சுமந்து மலை ஏறியவர் யார்? நம்மவர்கள்தான்! அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அந்தச் சுவர்களே அவர்களுக்குக் கல்வெட்டு.

கூரை ஒழுகினால் கூரையை மாற்றலாம். வீட்டையே இடிப்பானேன்?

அமெரிக்க ஜனாதிபதியின் வெள்ளை மாளிகையைப் பாருங்கள். 1814-ல் ஆங்கிலப் படை அதற்குத் தீ வைத்தது. சுவர்கள் நின்றன. மாளிகையை மீண்டும் கட்டினார்கள். 1948 முதல் 1952 வரை உள்பகுதி முழுவதையும் பிரித்துப் புதுப்பித்தார்கள். அப்போதும் வெளிச்சுவரை இடிக்கவில்லை!

பண்டிகை தரும் பாடம்

டிசம்பர் வந்தால் அந்த மாளிகையில் கிறிஸ்துமஸ் மரம் நிற்கும். கதவில் பச்சை இலை வளையம் தொங்கும். நம் வீட்டில் பொங்கலுக்கு வெள்ளை அடிக்கிறோம். மாவிலை கட்டுகிறோம். பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டுகிறோம். நாடு வேறு, பழக்கம் ஒன்றுதான்.

இது வெறும் அழகுக்கு அல்ல. வெள்ளை அடிக்க ஏணியில் ஏறும்போதுதான் சுவரின் விரிசல் கண்ணில் படும். தோரணம் கட்டும்போதுதான் உத்திரத்தில் கரையான் தெரியும். ஆண்டுக்கு ஒரு முறை அலங்கரிக்கும் வீடு எளிதில் விழாது. பூட்டிப் போட்ட வீடுதான் விழும்.

வடகவுஞ்சியில் பாட்டன் கட்டிய ஓட்டு வீடு ஆனாலும் சரி, கொடைக்கானலில் பாதிரியார் கட்டிய கல் வீடு ஆனாலும் சரி, இடிக்க ஒரு நாள் போதும். இடித்த பிறகு அதே வீட்டை யாராலும் கட்ட முடியாது!