மதிப்பீடு விரைவுபெற நம் பங்கு

வீடு வாங்க முன்பணம் கொடுத்த நாள் முதல் காலம் நமக்கு எதிராக ஓடத் தொடங்குகிறது. கிரய ஒப்பந்தத்தில் பெரும்பாலும் சில மாதத் தவணையே எழுதப்படுகிறது. அதற்குள் கடன் கிடைத்துப் பத்திரம் பதிவாகாவிடில், பல ஆண்டுகள் சேர்த்த முன்பணம் தகராறுக்கு உள்ளாகிறது. ஆகவேதான், “பொறியாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார், அறிக்கை இன்னும் வரவில்லை” என்ற குறை சித்தூரிலும் திருப்பதியிலும் கவலையோடு பேசப்படுகிறது. கடன் பெறும் வாடிக்கையாளர்களாகிய நாம் நம் பக்கத்தையும் சற்றே பார்க்க வேண்டும். தாமதத்தில் பெரும்பகுதி, மதிப்பீட்டாளர் படியேறுவதற்கு முன்பே நம் வீட்டுப் பத்திரப் பெட்டியில் தொடங்கிவிடுகிறது என்பதே நம் கருத்து.

மதிப்பீட்டாளரின் பணி, சுவர்களை அளந்து விலை சொல்வதோடு முடிவதில்லை. பத்திரத்தில் எழுதியுள்ள சொத்தும் கண்ணெதிரே நிற்கும் சொத்தும் ஒன்றே என்று அவர் உறுதி செய்தாக வேண்டும். அளவு, எல்லை, வரைபட அனுமதி, கட்டடத்தின் வயது, அக்கம்பக்கத்து விற்பனை விலை ஆகிய அனைத்தும் பொருந்திவர வேண்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் அறிக்கை நின்றுவிடும்.

நம் பகுதிக்கே உரிய முதற்சிக்கல், அளவு. திருப்பதி வட்டாரத்தில் மனையை அங்கணக் கணக்கில் பேசுகிறோம். இங்கு ஓர் அங்கணம் 36 சதுர அடி. நெல்லூர்ப் பக்கத்திலோ அதே சொல் 72 சதுர அடியைக் குறிக்கிறது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானபோது, நெல்லூர் மாவட்டத்திலிருந்த கூடூர், சூலூர்ப்பேட்டைப் பகுதிகளும் அதனுடன் இணைந்தன. ஆகவே இன்று ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு அங்கணங்கள் வழங்குகின்றன. 33 அங்கணம் என்று மட்டும் எழுதிய தாள், 1,188 சதுர அடியையும் குறிக்கலாம். 2,376 சதுர அடியையும் குறிக்கலாம். மனையின் நான்கு பக்க நீளத்தையும் அடிக்கணக்கில் குறித்து, மொத்தப் பரப்பைச் சதுர அடியில் எழுதிக் கொடுத்தால் இந்த ஐயம் அன்றே தீரும்.

இரண்டாவது, மொழியும் பழைய ஊர் விவரமும். வடஆற்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது 1911-இல். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேடு ஆந்திரத்துக்கு வந்தது. இதனால் நம்மில் பலருடைய தாய்ப் பத்திரங்கள் தமிழில் உள்ளன. அவற்றில் காணும் மாவட்டமும் வட்டமும் இன்றைய பதிவேட்டில் இல்லை. தமிழ் அறியாத மதிப்பீட்டாளரோ வழக்கறிஞரோ அத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க நேர்வது இயல்பே. பழைய பத்திரத்துக்குத் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பு ஒன்றும், பழைய ஊர்ப்பெயர், சர்வே எண்களுக்கு நேரான இன்றைய விவரம் ஒன்றும் முன்கூட்டியே இணைப்பது நம் கடமை. வில்லங்கச் சான்றிலும் கவனம் தேவை. 1983 முதலான பதிவுகளை இணையவழியில் பெறலாம்; அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தையே நாட வேண்டும். வங்கி கேட்ட பிறகு விண்ணப்பித்தால் அந்நாள்கள் முழுவதும் நம் தவணையிலிருந்தே கழியும்.

மூன்றாவது, அனுமதியும் கட்டடமும். தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி பெற்று, பிறகு மாடியும் எழுப்பிய வீடுகள் நம் தெருக்களில் குறைவல்ல. அனுமதியில்லாத பகுதியை மதிப்பில் சேர்க்க வங்கி இசைவதில்லை. அதை மறைப்பதால் பயன் யாதுமில்லை. அளவு நாடாவுக்கு எதுவும் தப்பாது. உள்ளதை முதலிலேயே சொல்லிவிட்டால், மறுபடியும் வந்து அளக்கும் அலைச்சலேனும் மிஞ்சும். தனித்தனி மனைகளுக்குச் சர்வே எண் இல்லாத கிராமகண்டத்து வீடுகளுக்கு, வரி ரசீதில் உள்ள கதவு எண்ணும் பத்திரத்தின் நான்கெல்லையுமே அடையாளம். அண்டை வீடு கைமாறியிருந்தால் எல்லைக்காரரின் பெயரும் மாறியிருக்கும். அதை ஒரு தாளில் விளக்கிவைப்பது நன்று.

பார்வையிடும் நாளிலும் சிறு கவனம் பெரிய உதவி. குடியிருப்பவருக்கு முன்னரே தெரிவித்து, எல்லா அறைகளையும் மாடிப்படியையும் திறந்துவைக்க வேண்டும். விவரம் அறிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும். புரட்டாசி பிரம்மோற்சவ நாள்களில் திருப்பதியின் நெரிசலை நாம் அறிவோம். அவற்றைத் தவிர்த்து நாள் குறிப்பது இருவருக்கும் நலம்.

ஒன்றை மட்டும் செய்யலாகாது. “இவ்வளவு தொகை வருமாறு எழுதுங்கள்” என்று மதிப்பீட்டாளரை நெருக்கலாகாது. சொத்தில் எவ்விதத் தொடர்பும் இல்லாதவரே மதிப்பிட வேண்டும் என்பது இந்திய ரிசர்வ் வங்கியின் நெறி. 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், சொத்து மதிப்பில் 90 விழுக்காடு வரையே வழங்கலாம் என்பதும் அதன் வரையறை. விலை 30 லட்சம் என்று பேசிய வீடு 27 லட்சம் என மதிப்பிடப்பட்டால், கடனின் உச்சம் 27 லட்சத்திலிருந்து 24.3 லட்சமாகக் குறையும். கையிலிருந்து கூடுதலாக 2.7 லட்சம் போட வேண்டிவருவது வருத்தமே. ஆயினும் மிகை விலை கொடுக்க இருந்தோம் என்ற எச்சரிக்கையும் அதிலேயே உள்ளது. விற்பவரிடம் மறுபடியும் விலை பேச அந்த அறிக்கை நமக்குத் துணையாகும். உயர்த்தி எழுதிய மதிப்பை நம்பி வாங்கிய கடனையோ, இருபது ஆண்டுகள் நாமே சுமக்க வேண்டும்.

இவ்வளவும் நம் பங்கு. வங்கிக்கும் பங்கு உண்டு. தேவையான ஆவணங்களின் பட்டியலை எல்லையோர மக்கள் படிக்கும் தமிழிலும் முதல் நாளே தர வேண்டும். குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி அலைக்கழிக்காமல், ஒரே முறையில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பார்வையிடும் நாளையும் அறிக்கை சேரும் நாளையும் கைப்பேசிக்கு அனுப்பினால் பாதிக் கவலை நீங்கும்.

முன்பணம் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே பத்திரப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். அந்த ஒரு வாரம், பின்னர் பல வாரங்களை நமக்கு மிச்சப்படுத்தித் தரும்.