மாட்டை அடைச்சு வளர்க்கலாமா, மேய விடலாமா? பூமிக்கு எது நல்லது?

மாடு அதிகமா மேய்ந்தால் நிலம் பாலைவனமாகிவிடும் என்றுதான் ரொம்ப காலமா சொல்லி வந்தாங்க. 2013-ல் டெட் மேடையில் பேசிய ஜிம்பாப்வே சூழலியலாளர் ஆலன் சேவரி அதை அப்படியே திருப்பிப் போட்டார். திட்டமிட்டு மேய்த்தால் மாடுகளே வறண்ட நிலத்தை மீட்கும் என்றார். நிலம் கெடுவதற்கு யானைகள்தான் காரணம் என்று நம்பி, ஒரு காலத்தில் சுமார் 40,000 யானைகள் கொல்லப்படக் காரணமான பரிந்துரையைத் தந்தவரும் இவரே. அது தன் வாழ்நாளின் மிகப் பெரிய தவறு என்று அதே மேடையில் ஒப்புக்கொண்டார்.

அது என்ன 'ஹோலிஸ்டிக்' மேய்ச்சல்?

மேய்ச்சல் நிலத்தை வேலி போட்டு துண்டு துண்டா பிரிப்பாங்க. மொத்த மந்தையையும் ஒரு துண்டில் விட்டு, கொஞ்ச நாளிலேயே அடுத்ததுக்கு ஓட்டிவிடுவாங்க. மேய்ந்த இடத்துக்கு, புல் திரும்ப வளரும் வரை ஓய்வு. சாணம் நிலத்துக்கே போகும், வேர் ஆழமா இறங்கும், மண்ணில் கார்பன் சேரும் என்பது கணக்கு.

அமெரிக்காவின் வழக்கமான முறை வேற. கன்று முதலில் புல் மேயும். கடைசி 4 முதல் 6 மாதங்கள் 'ஃபீட்லாட்' எனப்படும் திறந்தவெளிப் பட்டியில் அடைத்து, மக்காச்சோளம் போட்டு எடை ஏற்றுவாங்க. சீக்கிரம் வளர்வதால், ஒரு கிலோ இறைச்சிக்கு வெளியாகும் மீத்தேன் குறைவு. சோளத்துக்குப் போடும் ரசாயன உரம், மலையா குவியும் சாணம் எல்லாம் தனிக் கணக்கு.

அப்போ எது ஜெயிக்குது?

ஜார்ஜியா மாகாணத்தின் ஒயிட் ஓக் பாஸ்சர்ஸ் பண்ணை பற்றிய ஆய்வு 2020-ல் வெளியானது. மாடு, ஆடு, பன்றி, கோழி என எல்லாம் சுழற்சியில் மேயும் பண்ணை அது. மண்ணில் சேர்ந்த கார்பனைக் கழித்துப் பார்த்தால், ஒரு கிலோ இறைச்சிக்கான உமிழ்வு வழக்கமான முறையைவிட 66% குறைவு. ஆதரவாளர்கள் காட்டும் எண் இதுதான். ஆனா அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கு: அதே அளவு இறைச்சிக்கு 2.5 மடங்கு நிலம் வேணும்.

சிக்கலே இங்கதான். அந்தப் பண்ணை, விவசாயத்தில் சத்து இழந்த மண்ணில் தொடங்கியது. காலிப் பானை வேகமா நிரம்பும், நிரம்பிய பிறகு? கார்பன் சேர்வது நின்றுபோகும், மாடு மீத்தேன் விடுவது நிற்காது.

எப்படி மேய்ப்பது என்று மட்டும் சண்டை போட்டுட்டு, எவ்வளவு இறைச்சி வேணும் என்ற கேள்வியைத் தொடாமல் விடுவது பாதி விவாதம்தான். அமெரிக்க மாடுகளை முழுக்க புல்லிலேயே வளர்த்தால் என்ன ஆகும் என்று 2018-ல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. இதே அளவு இறைச்சிக்கு மாடுகளின் எண்ணிக்கை 30% கூடணும். இப்போதுள்ள மேய்ச்சல் நிலத்தை மட்டும் நம்பினால், இன்றைய மாட்டிறைச்சி உற்பத்தியில் 27% தான் கிடைக்கும்.