பேஸை ஏற்றுவது தீர்வல்ல

வீட்டில் புது ஹோம் தியேட்டர் வந்து இறங்கினால் கடைக்காரர் முதல் மச்சான் வரை சொல்லும் யோசனை ஒன்றுதான்: “பேஸை ஏத்து, ட்ரெபிளை ஏத்து, நடுவுல இருக்கறதக் கொறை. அப்பத்தான் சவுண்டு!” இதற்கு நான்கு காரணங்கள் சொல்வார்கள். ஒவ்வொன்றாக உரசிப் பார்ப்போம்.

“காதுக்கு அடி ஒலி குறைவாகத்தான் கேட்கும், அதனால் ஏற்ற வேண்டும்.” இது பாதி உண்மை. ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இல் அளந்து காட்டியது இதைத்தான். ஆனால் ஒலி கூடக் கூட இந்தக் குறை சுருங்கிவிடும் என்பதும் அதே அளவீட்டில் இருக்கிறது. இரவில் மெதுவாகக் கேட்பவர் பேஸைச் சற்றே ஏற்றுவது நியாயம். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் ‘லவுட்னஸ்’ பொத்தான் இருந்தது அதற்காகத்தான். தெருமுனை வரை கேட்க வைப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

“ஏற்றினால்தான் ஸ்பீக்கரின் முழு பலமும் வெளியே வரும்.” 3 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் இரு மடங்கு சக்தி தர வேண்டும், 6 டெசிபலுக்கு நான்கு மடங்கு, 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. 5 வாட்டில் ஓடிய இடத்தில் 50 வாட் கேட்கிறோம். அவ்வளவு இல்லாத கருவியில் ஒலி அலைகளின் முகடுகள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அப்படியே நெடுநேரம் ஓடினால் ட்வீட்டர் என்னும் உச்ச ஒலி ஸ்பீக்கர் கருகவும் கூடும். வெளியே வருவது பலமல்ல, திணறல்.

“நடு ஒலியைக் குறைத்தால் தெளிவு வரும்.” இதுதான் பெரிய பிழை. பழைய தரைவழித் தொலைபேசி சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. அதிலேயே பேசுவது அப்பாவா மாமாவா என்று தெரிந்தது. குரலின் உயிர் அந்த நடுப்பகுதியில் இருக்கிறது. அதைப் பள்ளமாக்கினால் மிருதங்கத்தின் தொப்பி முழங்கும், பாடகரின் சாகித்யம் மங்கும். படத்தில் வசனம் புரியவில்லை என்று வால்யூமைக் கூட்டுவோம். அடுத்த சண்டைக் காட்சியில் ரிமோட்டைத் தேடி ஓடுவோம். 5.1 அமைப்பில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. அதன் அளவை மட்டும் 2, 3 டெசிபல் கூட்டினால் போதும்.

“பேஸ் போதவில்லை என்றால் வேறு என்ன செய்வது?” அறையைப் பாருங்கள். 12 அடி நீள அறையில் ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸ் ஒலி இரு சுவர்களுக்கிடையே முட்டி நிலைகொள்ளும். அந்த நீளத்தின் நட்டநடுவில் உட்கார்ந்தவருக்கு அது மங்கிப்போகும். சுவரில் சாய்ந்தவருக்கு நெஞ்சில் குத்தும். குமிழைத் திருகினால் இருவருக்கும் சேர்ந்தே ஏறுமே தவிர, வித்தியாசம் தீராது. சப்வூஃபரை இரண்டடி நகர்த்துவதோ, சோபாவைச் சற்றுத் தள்ளிப் போடுவதோ காசில்லாத வைத்தியம்.

இத்தனை ஓட்டைகள் இருந்தும் இந்த யோசனை ஏன் நிலைக்கிறது? ஏற்றியதும் மொத்தச் சத்தமும் கூடுகிறது. கூடிய சத்தம் முதல் நிமிடத்தில் நல்ல சத்தமாகவே தோன்றும். கடையில் பாட்டுப் போட்டுக் காட்டும் செட் விலை போவதும் இதனால்தான். ஏற்றியது, ஏற்றாதது என இரண்டு செட்டிங்கையும் ஒரே அளவுச் சத்தத்தில் வைத்து, தெரிந்த ஒரு பாட்டை முழுதாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

ருசி அவரவர் உரிமை. அதிரும் பேஸ்தான் பிடிக்கும் என்பவரோடு சண்டையில்லை. ஆனால் ருசியை விதியாக்கக் கூடாது. எல்லாக் குமிழ்களையும் பூஜ்யத்தில் வையுங்கள், ஸ்பீக்கருக்கு இடம் பாருங்கள், பிறகும் குறை இருந்தால் உறுத்துவதை முதலில் இறக்குங்கள். ஏற்றுவது கடைசி வேலை. அதுவும் 2, 3 டெசிபலோடு நிற்கட்டும்.